கடல் கடந்தோரும் சலரோகமும்

விழா மலருக்குக் கட்டுரை வரையப் புகும் தமிழாசிரியன் கல்லூரித் தாபகரின் பெருமையை எழுதுதல் வேண்டும். அன்றேல் தான் கற்பிக்கும் இலக்கியமொன்றின் நயத்தை எடுத்துரைத்தல் வேண்டும். இது மரபு. யாமும் அம்மரபின்வழி நின்று எழுதவே எண்ணியிருந்தோம். அவ்வேளையிற் பழைய மாணவர் சங்கச் செயலாளர், விழா அழைப்பிதழ் அனுப்புதற்குரிய முகவரிப் பட்டியலைச் சரிபார்த்துத் தருமாறு எம்மிடம் கையளித்தார். அன்றே எம் எண்ணம் மாறியது.

பட்டியலின் முற்பக்கங்களிற் கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங் என்னும் ஊர்கள். மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞராய்ச் சென்றோர் அவர். பெயர்களில் அநேகம் கோடிட்டு வெட்டப்பட்டுள்ளன. அடுத்து இலண்டன், ஒஸ்லோ, ரொறன்ரோ. இறுதிப் பக்கங்களில் டோகா, குவைத், டுபாய், றியாத். இவற்றிற்கு எதிரே வீட்டிலக்கமோ வீதியின் பெயரோ இல்லை. தொலைபேசி இலக்கம் மாத்திரமே உண்டு. தொழிலாளர் விடுதியில் ஓரறையில் அறுவர் எண்மராய்ப் படுத்தெழும்புபவனுக்கு முகவரி ஏது? அவ்விலக்கங்களுள் ஒன்று வெட்டப்பட்டு, அதன்கீழ் உள்ளூர் முகவரியொன்று எழுதப்பட்டிருந்தது. அஃது எம்மிடம் தமிழ் பயின்ற ஒருவனுடையது. அவன் ஊர் திரும்பிய காரணத்தை யாம் அறிவோம். அக்காரணமே இக்கட்டுரைக்கும் காரணம்.

யாம் வைத்தியரல்லோம். வைத்தியர் எழுதியவற்றைப் படித்தும், வைத்தியராய் விளங்கும் எம் பழைய மாணவரிடம் கேட்டும் தெளிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். எமக்குரிய சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குதல் எமக்கு இலகு.

யாழ்ப்பாணத்தார் இந்நோயைச் சலரோகம் என்பர். சீனி வருத்தம் என்பாரும் உளர். நூல்வழக்கு நீரிழிவு. இதனைச் சிலர் ‘நீரழிவு’ என எழுதுதல் பிழை. இழிதல் கீழிறங்குதல், நீர் மிகுதியாய் இழிதலின் நீரிழிவாயிற்று. வடநூலார் மதுமேகம் என்றனர். சிறுநீர் தேன்போல் இனிப்பதையும் அதனை எறும்பு மொய்ப்பதையும் பண்டை ஆயுள்வேத நூலார் கண்டு குறித்தமை வியக்கற்பாலது. கிரேக்கர் இட்ட ‘டயபிற்றீசு’ என்னும் பெயரும், உடலினூடாக நீர் ஓடிக் கழிதல் என்னும் பொருளதே. இவ்வாறு பெயரிட்டோர் அனைவரும் நீரையே பற்றினர்.

அவ்வழக்கில் ஓர் இடர் உண்டு. குருதியிலுள்ள குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே சிறுநீரகம் அதனை வெளியே விடத் தொடங்கும். நோயோ, உண்ணாதிருக்கும் காலை வேளையில் 126 மில்லிகிராமைத் தொட்டபோதே நோயெனக் கொள்ளப்படும். ஆகவே, நோய் புகுந்து பல்லாண்டு சென்ற பின்னரும் நீர் இழியாதிருத்தல் கூடும். அதற்கிடையிற் கண்ணின் நுண்ணிய குருதிக் குழாய்களும், சிறுநீரகமும், காலின் நரம்புகளும் சிறிது சிறிதாய்ப் பழுதுறும். ‘சலரோகம்’ என்று பெயர் வைத்துவிட்டுச் சலம் மிகுதியாய்ப் போகும்வரை காத்திருப்பவன், வீடு எரிந்து கூரை வீழ்ந்த பின் புகையைத் தேடுபவனை ஒப்பான்.

இனி நோயின் இயல்பு. நாம் உண்ணும் சோறும் பாணும் குளுக்கோசாக மாறிக் குருதியிற் சேரும். அக்குளுக்கோசு உடற்கலங்களுட் புகுதற்குச் சதையியிற் சுரக்கும் இன்சுலின் என்னும் ஓமோன் துணை செய்யும். சதையி அதனைச் சுரக்கும் ஆற்றலை அறவே இழப்பது ஒரு வகை. இது சிறுவரிடத்தும் வரும். இன்சுலின் இருந்தும் ஈரலும் தசையும் அதன் ஏவலைக் கேளாமையும், ஏவி ஏவிச் சதையியும் நாளடைவில் இளைத்தலும் மற்றொரு வகை. நோயாளருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் இவ்விரண்டாம் வகையினர். யாம் பேசப்போவதும் இதனையே. 1921ஆம் ஆண்டில் இன்சுலினைப் பிரித்தெடுத்த பான்ரிங், பெஸ்ற் என்போர் அதனைச் செய்தது, இன்று எம் பழைய மாணவர் பலர் வாழும் ரொறன்ரோ நகரிலே என்பதை அந்நகரத்து அன்பர்கள் நினைவிற் கொள்க.

கடல் கடந்தாருக்கு இந்நோய் மிகுதியாய் வருகின்றதென்பது புதிய செய்தியன்று. நேற்றால் மாகாணக் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதற் கப்பலேற்றப்பட்ட இந்தியத் தொழிலாளரின் வழிவந்தோர் வாழும் டேர்பன் நகரிலே, கம்பெல் என்னும் வைத்தியர் 1960களில் இந்நோயை ஆராய்ந்தார். அந்நகருக்கு நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்த சூலு மக்களிடத்து, நகர வாழ்வு ஏறக்குறைய இருபது ஆண்டு சென்ற பின்னரே நோய் தலைகாட்டியதை அவர் கண்டார். கடல் கடக்க வேண்டியதில்லை. வாழ்க்கைமுறை மாறினாற் போதும் என்பது இதனாற் பெறப்படும்.

இலண்டனின் மேற்கேயுள்ள சவுத்தோலில் 40 முதல் 69 வயது வரையுள்ளோரை ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட கணக்கில், ஐரோப்பியருள் நூற்றுக்கு 4 பேரிடமும், தென்னாசியாவிலிருந்து சென்றோருள் நூற்றுக்கு 19 பேரிடமும் இந்நோய் இருந்தது. தென்னாசியர் கொழுப்பை இடையிலும் வயிற்றிலும் சேர்ப்பவர் என்பதும், அவ்வயிற்றுக் கொழுப்பே இன்சுலினுக்குப் பகையென்பதும் அவ்வாராய்ச்சியால் வலியுற்றன. இதனாலேயே உயரத்துக்கேற்ற நிறையென ஐரோப்பியருக்கு வகுத்த அளவு எமக்குப் பொருந்தாதென அறிஞர் கொண்டனர். தென்னாசிய ஆணுக்கு இடைச்சுற்று 90 சென்ரிமீற்றரும், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. கையும் காலும் மெலிந்திருக்க வயிறு மாத்திரம் முன்னே செல்லும் உடலை எம்மூரிலே ‘தொந்தி விழுந்த நல்ல சீவியம்’ எனப் பாராட்டுவர்.

ஒஸ்லோவின் றொம்சோஸ் என்னும் பகுதியில், 30 முதல் 59 வயது வரையுள்ளோரிடத்து எடுத்து 2005இல் வெளியிட்ட கணக்கு எம்மைத் திடுக்கிடச் செய்தது. தென்னாசிய ஆண்களுள் நூற்றுக்கு 14 பேர். பெண்களுள் நூற்றுக்கு 27 பேர். அங்குள்ள மேனாட்டுப் பெண்களுள் மூவருக்கு மேல் இல்லை. நோர்வேயின் வடகோடியிலுள்ள மீன் தொழிற்சாலைகளிற் குளிரில் நின்று மீன் வெட்டிய எம்மவர், பின்னர் ஒஸ்லோவுக்கு நகர்ந்து துப்புரவுத் தொழிலும் சமையற்றொழிலும் செய்து பிள்ளைகளைப் படிப்பித்த வரலாற்றை எம் வாசகர் பலர் அறிவர். அக்குடும்பங்களின் தாய்மாரை யார் சோதித்தார்?

இவ்வளவும் பிறந்த மண்ணை விட்டதன் பயனேயென முடிவு கூறலும் பொருந்தாது. இலங்கையில் 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சியில், 20 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 10 பேருக்கு நோய் இருந்தது. நகரத்தில் 16, கிராமத்தில் 9. அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு நோயுண்டு என்பதை அறியாதிருந்தனர். ஆகவே, கடல் கடப்பவன் நோய்க்கு இடங்கொடுக்கும் உடலையும் குடும்ப வழக்கையும் பெட்டியோடு கொண்டே செல்கின்றான். சென்ற இடத்துத் தொழில் அதனை முதிர்விக்கின்றது. முதிர்வித்ததோடு நில்லாது மறைத்தும் வைக்கின்றது. மறைத்தல் எனும் இப்பகுதியையே யாம் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

எம் மாணவன் 2011இல் வளைகுடா நாடொன்றிற்கு மின்னிணைப்பு வேலைக்காகச் சென்றான். மெலிந்த உடல், பந்தெறிதலில் வல்லவன், செய்யுட்களை மனனஞ் செய்வதில் மாத்திரம் சோம்பேறி. 2016இல் விடுமுறையில் வந்தபோது எம்மைக் காண வீட்டுக்கு வந்தான். இடை பருத்திருந்தது. ‘நல்லாய் உடம்பு வைத்திருக்கிறாய்’ என்று யாம் மகிழ்ந்து கூறினோம். சீனி மிகுத்த தேநீரும் பயற்றம் பணியாரமும் கொடுத்தோம். அரைமணி நேரத்துள் மும்முறை தண்ணீர் கேட்டான். ஏனென வினவியதற்கு, ‘அங்கத்தை வெயில் சேர், தண்ணி குடிச்சுக் குடிச்சுப் பழகிப்போச்சுது’ என்றான். யாம் அதனை ஏற்றுக்கொண்டோம். நீரிழிவு என்னும் சொல்லுக்கு வகுப்பிலே பொருள் விரித்த ஆசிரியனுக்கு, எதிரே இருந்த நீர்வேட்கை விளங்கவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை. பாலைநிலத்து வெயிலில் நிற்பவனுக்குத் தாகம் இயல்பு. குடித்த நீர் வியர்வையாய்ப் போதலின் சிறுநீர் மிகாது. களைப்பு வேலையால் வந்ததாகத் தோன்றும். பார்வை மங்கல் புழுதியால் வந்ததாகத் தோன்றும். நிறை குறைந்தால் உழைப்பால் என்பர். நோயின் அறிகுறி ஒவ்வொன்றுக்கும் அந்நிலம் வேறொரு காரணத்தைக் கொடுத்துவிடுகின்றது. கட்டாரில் 2021 முதல், யூன் முதலாம் நாள் தொடக்கம் செத்தெம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை செய்வித்தல் தடுக்கப்பட்டிருக்கின்றது. ஒரு நாட்டுச் சட்டமே நடுப்பகலை விலக்கிவைக்குமாயின் அவ்வெயிலின் கொடுமையை ஊகித்துக்கொள்க.

அவ்வெயிலில் தாகந் தணிக்கும் பானம் யாது? எம் மாணவனின் வேலைத்தளத்தருகே தண்ணீர்ப் போத்தலும் கோலாத் தகரமும் ஏறத்தாழ ஒரே விலைக்கு விற்றனவாம். 330 மில்லிலீற்றர் கொண்ட கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சீனி உண்டு. அஃது எட்டுத் தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவிற் சேர்க்கும் சீனி முழுவதும் நாளொன்றுக்கு 25 கிராமளவில் நிற்றல் நன்று. அவனோ நாளொன்றுக்கு மூன்று நான்கு தகரம் குடித்தான். இரவில் விடுதி திரும்பியதும் வெள்ளைச் சோறு மலைபோல், கறி சிறிது, மரக்கறி விலை அதிகமென்று கிழங்கு. வீட்டுக்கு அனுப்பும் பணத்திற் குறையாதிருத்தற்காக வயிற்றை மலிந்ததால் நிரப்புவது எம்மவர் வழக்கம். இதனைக் குற்றமெனக் கூற எமக்கு நா எழவில்லை. அப்பணத்திலே அவன் தங்கை படித்தாள்.

வைத்தியச் சோதனை நடப்பதில்லையோ என வினவலாம். நடக்கின்றது. புறப்படுமுன் தகுதிச் சோதனை உண்டு. அதில் ‘தகுதியுடையான்’ என எழுதப்பட்ட கடதாசியை அவன் பத்திரமாய் வைத்திருந்தான். அக்கடதாசி 2011ஆம் ஆண்டின் ஒரு நாளுக்கு உரிய உண்மை. சென்ற பின்னர் நடப்பனவோ வேறு நோக்கின. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வதிவிட அனுமதிக்காகச் செய்யப்படும் சோதனை, காசநோய் முதலிய தொற்றுநோய்களையே பெரிதும் நாடுவது. பிறருக்குத் தொற்றாத நோயை அது தேடுவதில்லை. ‘ஆண்டுதோறும் குருதி எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள்’ என்று தொழிலாளன் ஆறுதலடைகின்றான். எடுத்த குருதியில் எதனைத் தேடினார்கள் என்று கேட்க அவனுக்கு மொழியும் இல்லை, நேரமும் இல்லை.

அச்சமும் உண்டு. எம் மாணவனின் அறையில் இருந்த ஒருவர் நோயுற்றுச் சில நாட் படுத்தபோது வேலை நீங்கி ஊருக்கு அனுப்பப்பட்டார். கடன் தீராத நிலையில் அவர் விமானமேறியதைக் கண்ட பின்னர், ஏனையோர் வைத்தியசாலை வாயிலை மிதிக்கவே அஞ்சினர். நோயினும் நோயென எழுதிய கடதாசிக்கே அவர் அதிகம் அஞ்சினரென்க.

2019இல் அவன் காலிற் புண்ணோடு வந்து சேர்ந்தான். சப்பாத்துக்குள் நின்ற சிறு ஆணியொன்று கீறியிருக்கின்றது. இரண்டு நாளாய் அவன் அதனை உணரவில்லை. நரம்பு மரத்திருந்தமையே காரணம். ஊர் வைத்தியசாலையிற் சோதித்தபோது காலை வேளைக் குளுக்கோசு 300ஐ அண்மித்திருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. யாம் பார்க்கச் சென்றபோது, ‘சேர், நான் மெலிஞ்சு போனன் எண்டு அம்மா அழுகிறா’ என்று சிரித்தான். மூன்றாண்டுக்கு முன் அவன் பருத்ததைப் புகழ்ந்த எமக்கு மறுமொழி வரவில்லை.

இரவு வேலை பற்றியும் ஒரு சொல். இலண்டனிலே பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் இரவெல்லாம் கண்விழிப்போர் எம்மவருள் மிகப் பலர். அமெரிக்கத் தாதியரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கணக்கில், மாறிமாறி வரும் இரவு வேலையை நீண்டகாலம் செய்தோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஆண்டுக்காண்டு ஏறிச் சென்றது. இருபது ஆண்டுக்கு மேற் செய்தோருக்கு அஃது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உடல் உறங்கும் நேரத்தில் உண்பதும் உண்ணும் நேரத்தில் உறங்குவதும் சதையிக்கு ஒவ்வா. வளைகுடா வீடுகளிற் பணிப்பெண்களாய் விடியுமுன் எழுந்து நள்ளிரவிற் படுக்கும் எம் நாட்டுப் பெண்களும் இவ்வரிசையிற் சேர்ந்தோரே.

இனிச் செயற்பாலன. முதலாவது, சோதனை. வெளிநாட்டில் உள்ளவன் விடுமுறையில் வந்தால், கோயிலுக்குச் செல்வதுபோல ஒருநாட் காலை வெறுவயிற்றோடு சென்று குருதியைச் சோதித்துக்கொள்க. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை கிடைக்குமாயின் இன்னும் நன்று. அதில் நூற்றுக்கு 6.5 என்பது நோயின் எல்லை. முப்பது வயதென்று எண்ணித் தாமதித்தல் வேண்டா. பெற்றோரில் ஒருவருக்கு நோயிருப்பின் ஐயமே வேண்டா.

இரண்டாவது, உணவு. பனங்கட்டி குற்றமற்றதென்றும் சீனியே நோயைத் தருமென்றும் எம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. பனங்கட்டியும் சர்க்கரைப் பொருளே. குரக்கன் பிட்டு நல்லுணவாயினும் ஒரு நீற்றுப்பெட்டி முழுவதையும் உண்டால் நன்மை செய்யாது. பயணஞ் செல்வோரிடம் தாய்மார் கட்டிக் கொடுத்தனுப்பும் பொதிகளில் இனிப்புப் பலகாரமே மிகுதி. வறுத்த கடலையும் கருவாடும் ஒடியலும் அனுப்பினால் அன்பு குறைந்துவிடாது. கோலாவை விட்டுத் தண்ணீர் குடித்தல் ஒன்றே பலரைக் காக்கப் போதுமானது.

நோய்க்கு முந்திய நிலையில் உள்ளோரைத் தடுத்து நிறுத்தல் கூடுமோ? கூடும். சென்னையில் இராமச்சந்திரன் என்னும் வைத்தியரும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவையும் நடையையும் திருத்திய அளவில் மூன்றாண்டுள் நோய் வருதல் நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. அதே குழுவினர், வேலைக்குச் செல்லும் ஆண்களுக்குக் கைத்தொலைபேசியிற் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டிய ஆராய்ச்சியை 2013இல் வெளியிட்டனர். செய்தி பெற்றோருள் நூற்றுக்கு 18 பேரும், பெறாதோருள் 27 பேரும் நோயுற்றனர். முகவரியில்லாது தொலைபேசி இலக்கம் மாத்திரம் உடைய எம் மாணவருக்கு இதனினும் ஏற்ற செய்தி வேறொன்றில்லை.

நோய் வந்தோரும் மனந்தளர வேண்டா. பிரித்தானியாவில் 2017இல் வெளிவந்த ஆராய்ச்சியில், நோய் கண்டு ஆறாண்டுக்குட்பட்டோருள் நிறையைக் கட்டுப்பாட்டோடு குறைத்தவரிற் பாதிக்குச் சற்றுக் குறைந்தோர், ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோயெல்லையினின்று நீங்கி நின்றனர். வைத்தியர் மேற்பார்வையின்றித் தாமே மருந்தை நிறுத்துதல் வேறு, அது கேடு.

இன்சுலின் ஏற்றுவோருக்கு வெயில் இன்னொரு பகை. திறவாத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும். பயன்படுத்தும் குப்பியையும் 30 பாகைக்கு மேற் போகவிடலாகாது. குளிரூட்டி இல்லாத இடத்திற் பானைக்குள் பானை வைத்து, இடையில் மணலிட்டு நனைத்து, ஈரத்துணியால் மூடினாற் சூடு தணியும். எம் பாட்டிமாரின் மண்குடத்து நீர் குளிர்ந்த காரணமும் இதுவே. இன்சுலினோ சிலவகைக் குளிசைகளோ எடுப்போர் உணவின்றி வேலை செய்தாற் குளுக்கோசு மிகத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் உண்டாகும். சாரத்தின்மேல் நிற்பவனுக்கு அஃது உயிரச்சம். சட்டைப் பையிற் சில இனிப்பு வில்லைகள் எப்போதும் இருக்கட்டும். காலைத் தினமும் இரவிற் பார்த்தலும், சப்பாத்தை உதறி அணிதலும் எம் மாணவன் விலைகொடுத்து வாங்கிய பாடங்கள்.

அவன் இப்போது சந்தியருகே மின்மோட்டார் சுற்றும் சிறு கடை நடத்துகின்றான். வளைகுடாவில் உள்ள தன் பழைய அறைத்தோழரோடும் வகுப்புத் தோழரோடும் கைத்தொலைபேசியில் ஒரு குழு வைத்திருக்கின்றான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அங்கு விடுமுறை நாளாதலின், ‘சோதிச்சியளோ?’ என்று ஒரு செய்தி போடுவான். எழுவர் இதுவரை சோதித்தனர்; அவருள் இருவருக்கு நோய் இருந்தது, மூவருக்கு எல்லையில் நின்றது. எம்மையும் அக்குழுவிற் சேர்த்திருக்கின்றான். சென்ற கிழமை ‘சேர், நீங்கள் எப்ப பாத்தனீங்கள்?’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டான். மறுநாட் காலை யாமும் வெறுவயிற்றோடு சென்று வரிசையில் நின்றோம். 118 என்று வந்தது. அதனைக் குழுவில் எழுதியனுப்பியபோது, மறுமொழியாக அவன் தன் காலை இலக்கத்தை அனுப்பினான்: 109.